ஒரே சட்னி, மூன்று தட்டு

கேள்வி: என் கணவர் தானியம், பருப்பு தொடாத பேலியோ டயட்டில் இருக்கிறார், மகள் பால், தயிர்கூடச் சேர்க்காத வீகன், மாமியார் இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். கொத்தமல்லிச் சட்னியை ஆளுக்கொரு விதமாக அரைத்து மாளவில்லை. மூன்று பேருக்கும் ஒன்றாக அரைக்க முடியாதா?
- வாசகி, நாமக்கல்

பதில்: தாராளமாக முடியும். மல்லித்தழை எந்த டயட்டுக்கும் எதிரி இல்லை. 100 கிராம் தழையில் 92 கிராம் வெறும் தண்ணீர், மாவுச்சத்து 4 கிராம்கூடத் தேறாது, அதிலும் பெரும்பகுதி நார்ச்சத்துதான், அதனால் மாவுச்சத்தை ஒதுக்கும் கீட்டோ டயட்காரர்கள்கூடக் கணக்குப் பார்க்காமல் தூவிக்கொள்ளலாம். வம்பு எல்லாம் அதோடு மிக்ஸியில் விழும் சாமான்களால் வருவது. கெட்டியாக வரட்டும் என்று போடும் பொட்டுக்கடலை பருப்பு வகை, பேலியோவில் ஆகாது. ஓட்டல் பச்சைச் சட்னி மாதிரி தயிர் ஊற்றினால் மகள் தொடமாட்டார்.

எனவே தேங்காய், பச்சை மிளகாய், இஞ்சி, துளி புளி, உப்பு, இவ்வளவு போதும். தண்டை வெட்டி எறியாதீர்கள், மணமே அதில்தான் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளியுங்கள், கைப்பழக்கத்தில் உளுத்தம்பருப்பை அள்ளிப் போட்டுவிட்டால் கணவர் தட்டு போச்சு! (அவர் இட்லி பக்கம் வரமாட்டார்தான், ஆம்லெட்டுக்கு வைத்துக்கொடுங்கள்.)

மாமியார் விஷயம்தான் வேறு. அந்த மாத்திரை வைட்டமின் கே வேலை செய்யாதபடி தடுத்துத்தான் ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்கிறது, மல்லித்தழையிலோ அந்த வைட்டமின் 100 கிராமுக்கு 300 மைக்ரோகிராமுக்கு மேல். ரசத்தில் தூவும் நாலு இலை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு வாரம் தினமும் அரைக் கட்டுச் சட்னி, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாறி மாறிக் கொடுத்தால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் டெஸ்ட்) அளவு ஏறி இறங்கும். நிறுத்தச் சொல்லவில்லை, தினமும் ஏறக்குறைய ஒரே அளவாகக் கொடுங்கள், டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் என்று என் அண்ணன் காலையில் ஒரு டம்ளர் மல்லி ஜூஸ் குடிக்கிறார். அவருக்கு கிரியேட்டினின் அதிகம். குடிக்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம் சார். கிரியேட்டினின் அதிகம் என்றால் பெரும்பாலும் சிறுநீரகம் கழிவைச் சரியாக வடிகட்டவில்லை என்று அர்த்தம். 100 கிராம் தழையில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது, பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறும், ரத்தத்தில் மிகுந்தால் இதயத் துடிப்பையே பாதிக்கும். குழம்பில் தூவுவது வேறு, கட்டுக்கட்டாக அரைத்துக் குடிப்பது வேறு. இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், அப்புறம் பொட்டாசியம் டெஸ்ட் ஒன்று எடுத்து டாக்டரிடம் காட்டட்டும்.