கேரட்டை மூட்டை மூட்டையாகப் போட்டும் பால் தண்ணியாக வருவது ஏன்?

கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் மன்னவனூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: “தம்பி, மூணு ஜெர்சி கலப்பு மாடு வச்சிருக்கோம். சீசன்ல கழிச்சுப் போட்ட கேரட்டு, கோஸ் இலை எல்லாம் சும்மாவே கிடைக்குது, ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 30 கிலோ வரைக்கும் போடுறோம். இருந்தும் பால் தண்ணியா இருக்குன்னு சொசைட்டியில விலையைக் குறைக்கிறாங்க. சாணியும் இளகிப் போகுது. கடைத் தீவனம் கட்டுப்படியாகலை. வீட்டுலயே நல்ல தீவனம் தயார் பண்ண முடியுமா? லோன் போட்டு பெல்லட் மெஷின் வாங்கலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறார்.”

மெஷின் பேச்சு கடைசியில். முதலில் அந்த 30 கிலோவைப் பார்ப்போம் அக்கா. கேரட்டில் 100க்கு 88 பங்கு தண்ணீர். 30 கிலோ போட்டால் மாட்டின் வயிற்றில் உண்மையில் தீவனமாக நிற்பது மூன்றரை கிலோதான், மீதி 26 கிலோவும் தண்ணீர். கோஸ் இலை இன்னும் மோசம், 90க்கு மேலேயே தண்ணீர் இருக்கும். 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்குத் தண்ணீர் நீங்கலாக 11, 12 கிலோ உலர்பொருள் உள்ளே போக வேண்டும். உங்கள் மாடு வயிறு புடைக்கத் தின்றுவிட்டு அசை போடாமல் நிற்கிறது, நீங்களும் நன்றாகத்தான் தின்கிறது என்று வைக்கோலைக் குறைத்துவிடுகிறீர்கள். வைக்கோல் வத்தலக்குண்டிலிருந்தும் பெரியகுளம் பக்கமிருந்தும் லாரியில் ஏறி வர வேண்டும், விலையைப் பார்த்தால் யாருக்கும் கை வராதுதான். ஆனால் பாலில் கொழுப்பு ஏறுவது நார்ச்சத்தால். மாடு அசை போட்டால் எச்சில் ஊறும், எச்சில் ஊறினால் வயிற்றில் புளிப்பு அடங்கும், அப்போதுதான் கொழுப்புக்குத் தேவையான அமிலம் அங்கே உருவாகும். நார் குறைந்தால் கொழுப்பு விழும், மாவுச்சத்தும் மற்ற எரிசக்தியும் குறைந்தால் எஸ்.என்.எஃப்., அதாவது பாலில் கொழுப்பு நீங்கலான மற்ற திடச்சத்து, விழும். உங்கள் மாட்டுக்கு இரண்டுமே குறைச்சல். சொசைட்டிக்காரரைத் திட்டிப் பயனில்லை.

அதனால் மலையில் தீவனம் தயாரிப்பது என்றால் முதல் வேலை தண்ணீரைக் கட்டுப்படுத்துவது. கீழே சமவெளியில் வெயிலில் காய வைத்துவிடலாம். மேல்மலையில் சுமார் 2000 மீட்டர் உயரத்தில், ஐப்பசி கார்த்திகை மழையும் அதற்குப் பிறகு பனியுமாக இருக்கிற ஊரில், கேரட்டைக் காய வைக்கப் போனால் அழுகித்தான் போகும். காய வைக்க முடியாததைப் புளிக்க வையுங்கள், அதாவது சைலேஜ். ஊறுகாய்ப் புல் என்றும் சொல்வார்கள்.

கேரட்டை மட்டும் போட்டு மூடினால் சாறு ஓடி, கூழாகி நாறும். சைலேஜுக்கு உலர்பொருள் 30 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 100 கிலோ கேரட்டுக்கு 30 கிலோ நறுக்கிய வைக்கோல் சேர்த்தால் அந்த 30 சதவீதம் வந்துவிடும். வைக்கோலுக்குப் பதிலாக நன்றாகக் காய்ந்த சோளத்தட்டை, மக்காச்சோளத் தட்டை கிடைத்தாலும் சரி. பழனி, ஒட்டன்சத்திரம், உடுமலைப் பக்கம் மக்காச்சோளம் அறுவடை முடியும் சமயத்தில் தட்டை மலிவாக வரும், கீழே காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற வண்டியில் ஏற்றிக்கொண்டால் வாடகையும் மிச்சம்.

கேரட்டை முதலில் கழுவ வேண்டும். பார்க்கச் சின்ன வேலை, ஆனால் பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். மண்ணோடு போட்டால் மண்ணில் இருக்கிற கிருமி உள்ளே புகுந்து புளிப்புக்குப் பதிலாக அழுகலைக் கொண்டுவரும். கழுவி, சாக்கில் பரப்பித் தண்ணீரை வடிய விட்டு, விரல் கனத்துக்கு நறுக்குங்கள். அழுகினது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் குப்பைக்குழிக்கு அனுப்புங்கள், ‘மாடுதானே’ என்று உள்ளே தள்ளாதீர்கள். வைக்கோல் 2, 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு மேல் போகக் கூடாது, நீளமாக இருந்தால் இடையில் காற்று தங்கிவிடும். இரண்டையும் தார்ப்பாயில் கொட்டி நன்றாகக் கலந்து ஒரு மணி நேரம் விட்டால் வைக்கோல் சாற்றைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்து பாருங்கள். விரலிடுக்கில் சாறு சொட்டினால் ஈரம் அதிகம், இன்னும் வைக்கோல் சேர்க்க வேண்டும். உருண்டை அப்படியே நிற்காமல், உதிர்ந்தும் போகாமல், மெதுவாக விரிந்தால் அதுதான் பதம். பட்டென்று உதிர்ந்துவிட்டால் ரொம்பக் காய்ந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் கேரட் போடலாம்.

கேரட்டிலேயே இனிப்பு இருப்பதால் வெல்லப்பாகு தேவையில்லை. புல்லையோ ஓட்ஸையோ தனியாகச் சைலேஜ் போடும்போது மட்டும் 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லத்தைக் கரைத்துத் தெளியுங்கள். உப்பு அரை கிலோ போட்டால் போதும்.

எதில் போடுவது? யூடியூப்பில் காட்டுகிற பெரிய பிளாஸ்டிக் பை உங்கள் ஊருக்குச் சரிப்படாது. காட்டுமாடு வீட்டு வாசல் வரை வருகிற ஊர், பன்றி வேறு, புளிப்பு வாசனை பிடித்து ஒரே ராத்திரியில் கிழித்துவிடும். மூடி போட்டுக் கிளிப் வளையம் மாட்டுகிற 200 லிட்டர் நீல டிரம் நல்லது. ஆனால் மருந்து வந்த டிரம்மை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், உணவுப் பொருள் வந்த டிரம்தான் வேண்டும். அடியில் ஒரு சாண் வெறும் வைக்கோல், அதன் மேல் கலவையை ஒவ்வொரு சாணாகப் போட்டு உலக்கை மாதிரி ஒரு கட்டையால் இடித்துக்கொண்டே வர வேண்டும். கை வலிக்கும், வேறு வழியில்லை, காற்று போகாவிட்டால் எல்லாம் வீண். விளிம்பு வரை நிரப்பி மேலே பாலித்தீன் விரித்து மூடியை இறுக்குங்கள். நன்றாக இடித்தால் ஒரு டிரம்மில் 100 கிலோ வரை பிடிக்கும். முதல் மூன்று நான்கு நாள் மூடி உப்பும். வளையத்தை லேசாகத் தளர்த்திக் காற்றை விட்டு உடனே இறுக்கிவிடுங்கள், அந்தச் சமயத்தில் முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

சமவெளியில் 45 நாளில் எடுக்கலாம் என்பார்கள். மேல்மலைக் குளிரில் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும், 60 நாள் விடுங்கள். திறக்கும்போது மோர் புளித்த மாதிரி, கொஞ்சம் பழ வாசனையோடு இருந்தால் நன்றாக வந்திருக்கிறது. கெட்ட வெண்ணெய் நாற்றமோ, கையில் வழவழப்போ, வெள்ளை கறுப்புப் பூஞ்சணமோ தெரிந்தால் அந்தப் பகுதியை எடுத்து எருக்குழியில் போடுங்கள். முழு டிரம்மும் அப்படி என்றால் முழு டிரம்மும் போக வேண்டியதுதான். திறந்த டிரம்மை மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். மூன்று மாட்டுக்கும் சேர்த்து அது தானாகவே முடிந்துவிடும். பழக்கும்போது முதல் நாள் மாட்டுக்கு 2 கிலோவில் தொடங்கிப் பத்து நாளில் 12, 15 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் கன்றுக்கு வேண்டாம்.

பச்சைக் கேரட்டே போடக் கூடாதா என்றால், போடலாம். மாட்டுக்கு 10 கிலோ, இரண்டு வேளையாக, வைக்கோல் தின்ற பிறகு. உருளைக்கிழங்கு என்றால் 4, 5 கிலோவோடு நிறுத்துங்கள். பச்சை நிறம் ஏறினதும் முளை விட்டதும் விஷம். முழுக்கிழங்காகப் போட்டால் தொண்டையில் அடைத்து வயிறு உப்பிவிடும், அதனால் நறுக்கித்தான் போட வேண்டும். கோஸ் இலையில்தான் எனக்குப் பயம் அதிகம். ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கிற ஒரு பொருள் கோஸ் குடும்பத்துப் பயிர்களில் இருக்கிறது, நிறைய நாள் நிறையத் தின்றால் ரத்தசோகை வரும். பாலில் வாடையும் ஏறும். அதோடு நம்மூரில் கோஸுக்கு எத்தனை தடவை மருந்து அடிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மருந்து அடித்து எத்தனை நாள் ஆனது என்று தோட்டக்காரரிடம் கேட்காமல் ஓசி இலையை ஏற்றி வராதீர்கள். கிடைத்தாலும் 5, 6 கிலோ, பால் கறந்த பிறகு. மலைப்பூண்டுத் தாளும் அப்படித்தான். புவிசார் குறியீடு வாங்கின பூண்டாக இருக்கலாம், பாலில் அந்த வாசனை வந்தால் சொசைட்டியில் யாரும் மெச்ச மாட்டார்கள்.

காட்டோரம் புல் அறுக்கும்போது பெரணி கலந்து வருகிறதா என்று பாருங்கள். விசிறி மாதிரி விரிந்து முழங்கால் உயரத்துக்குப் புதராக வளருமே, அந்தப் பெரணியைத் தொடர்ந்து தின்கிற மாட்டுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்து ரத்தமாகப் போகும். நீலகிரி மாடுகளிலும் இது தெரிந்த வியாதி. சைலேஜ் போட்டால் விஷம் போய்விடும் என்று நம்பி அதை உள்ளே போடாதீர்கள். சிறுநீர் காபி நிறத்தில் போனால் கோஸா, பெரணியா, உண்ணிக் காய்ச்சலா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய வேண்டாம், 1962க்குப் போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது.

சரி, அடர்தீவனம். கேரட்டும் வைக்கோலும் சேர்ந்த சைலேஜில் புரதம் 6 சதவீதம்தான் தேறும், அதை ஈடுகட்டத்தான் புண்ணாக்கு. 100 கிலோ கலவைக்கு மக்காச்சோளம் 35, கடலைப் புண்ணாக்கு 20, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு 10, கோதுமைத் தவிடு 20, எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு 12, தாது உப்பு 2, சாதா உப்பு 1 என்று கலந்தால் புரதம் 18 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். கன்றுக்கு மட்டும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கை எடுத்துவிடுங்கள். மக்காச்சோளத்தை ரவை பதத்துக்கு உடைத்தால் போதும், மாவாக அரைத்தால் வயிற்றில் சீக்கிரம் புளித்துப்போகும். தாது உப்பையும் உப்பையும் நேரே மூட்டையில் கொட்டாமல், முதலில் இரண்டு கிலோ தவிட்டில் பிசறி, அதைப் பத்து கிலோவில் கலந்து, பிறகு மொத்தத்தில் சேருங்கள். இல்லாவிட்டால் ஒரு மாட்டுக்கு உப்புக் கட்டியும் இன்னொன்றுக்கு வெறும் தவிடும்தான் போகும்.

8 லிட்டர் கறக்கிற மாட்டுக்கு இந்தக் கலவை 4 கிலோ, சைலேஜ் 15 கிலோ, பசும்புல் 12 கிலோ, வைக்கோல் 2 கிலோ. உலர்பொருளாகக் கூட்டிப் பாருங்கள், 12 கிலோவுக்கு வந்துவிடும். கலவையைத் தண்ணீரில் குழம்பாகக் கரைத்துக் காட்டாமல், லேசாக ஈரம் காட்டி வைக்கோல் மேல் பிசறிப் போட்டால் மெல்லும், எச்சில் ஊறும். மிஞ்சின சோறு, பொங்கல், கஞ்சி எல்லாவற்றையும் மாட்டுத் தொட்டியில் கவிழ்க்கிற வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். தை மாதம் பிறந்தாலே அமில நோயோடு மாடு ஆஸ்பத்திரிக்கு வருவது அதனால்தான்.

மலையில் இன்னொரு எதிரி பூஞ்சணம். மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் ஈரம் ஏறினால் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உருவாகும், அது மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. வாங்கும்போதே சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. கல்லுப்பைப் பொடித்து வாணலியில் வறுத்து ஆற வையுங்கள் (மலையில் உப்பே ஈரமாகத்தான் இருக்கும், வறுக்காமல் இந்தச் சோதனை பலிக்காது). ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் மக்காச்சோளம் கால்வாசி, உப்பு ஒரு கை போட்டு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒட்டாததையும் தரையில் வைக்காமல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள், ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கிக் குவிக்காதீர்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டி மாதிரி கொடுத்துப் பார்க்கலாம்.

யூரியா வைக்கோல் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து மூடி வைப்பது. நல்ல முறைதான், ஆனால் 21 நாள் என்பது சமவெளிக் கணக்கு. உங்கள் குளிருக்கு ஐந்தாறு வாரம் ஆகும், அதுவரை காற்றுப் புகாமல் காக்க இடம் வேண்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் கன்றுக்கு ஆகாது, யூரியா கரைத்த வாளியில் மாடு வாய் வைத்தால் உயிரே போகும். டிரம் சைலேஜ் கை வந்த பிறகு யோசிக்கலாம். தண்ணீர்த் தொட்டியில் வளர்க்கிற அசோலாவும் வேண்டாம், அதற்கு வெதுவெதுப்பு வேண்டும், உறைபனி ஊரில் தொட்டி கட்டினால் காசுதான் கரையும். அந்தக் காசுக்குத் தீவன ஓட்ஸ் விதை வாங்கி, உருளை எடுத்த வயலில் ஒரு பாத்தி விதையுங்கள். குளிருக்கு ஓட்ஸும் ரைப் புல்லும் தாங்குகிற மாதிரி கம்பு நேப்பியர் புல் தாங்காது, கீழ்மலைத் தாண்டிக்குடி உயரத்தில் நன்றாக வரும் நேப்பியர் மன்னவனூர்ப் பனியில் கருகி நிற்கும். உங்கள் ஊரிலேயே 1965 முதல் மத்திய அரசின் ஆட்டுப்பண்ணை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, குளிர்ப் புல் விஷயத்தை ஒரு நடை போய்க் கேட்டு வாருங்கள்.

இனி மெஷின். மூன்று மாட்டுக்கு பெல்லட் மெஷின் வேண்டவே வேண்டாம். பெல்லட் என்பது அதே கலவையை அழுத்திக் குச்சியாக்குவதுதான், சத்து ஒன்றும் கூடப்போவதில்லை. அழுத்தின பிறகு சரியாக ஆற வைத்துக் காய வைக்காவிட்டால் உங்கள் மூடுபனியில் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பூக்கும். கடன் வாங்கத்தான் வேண்டும் என்று வீட்டுக்காரர் நின்றால், வைக்கோல் நறுக்குகிற சாஃப் கட்டரும் ஐந்தாறு டிரம்மும் வாங்கச் சொல்லுங்கள். மக்காச்சோளம் உடைக்க மாவு மில்லே போதும், ரவை பதம் என்று சொல்லிக் கொடுங்கள், மிளகாய் அரைத்த கையோடு போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.