பெரிய ஹெட்ஃபோனில் பேஸ் ஏன் குறைகிறது?

கேள்வி: பல ஆண்டுகளாகக் காதுக்குள் செருகும் இயர்போனையே பயன்படுத்தி வந்த நான், பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) இன்னும் ஆழமாகக் கேட்கும் என்று நம்பி, 40 மி.மீ. டிரைவர் (ஒலியை எழுப்பும் பாகம்) கொண்ட, காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன் ஒன்றை அண்மையில் வாங்கினேன். ஆனால் 10 மி.மீ. டிரைவர் உள்ள பழைய இயர்போனில்தான் பேஸ் வலுவாகக் கேட்கிறது. மூக்குக்கண்ணாடி அணிபவன் என்பதால் புதியது சற்று உறுத்தவும் செய்கிறது. இது பழுதான பொருளா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கும் மூக்குக்கண்ணாடியே காரணமாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

டிரைவரின் விட்டத்தை வைத்து பேஸை மதிப்பிடுவது, ஸ்பீக்கர் கேட்டுப் பழகியதால் நமக்கு வந்த வழக்கம். ஸ்பீக்கர் ஓர் அறையின் காற்றையே அசைக்க வேண்டும். ஆகவே அதற்குப் பெரிய கூம்பு தேவை. இயர்போனோ, ரப்பர் முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்டிருக்கும் ஏறத்தாழ 1 அல்லது 2 கன சென்டிமீட்டர் காற்றை அழுத்தினால் போதும். டிரைவரில் அதிரும் 40 மி.மீ. சவ்வின் பரப்பு 10 மி.மீ. சவ்வின் பரப்பைப்போல் 16 மடங்கு என்பது உண்மையே. ஆனால் அது அழுத்த வேண்டிய காற்றும் காதுமடலைச் சுற்றியுள்ள கிண்ணம் முழுவதும் நிறைந்திருப்பதால், பன்மடங்கு அதிகம்.

இதைவிட முக்கியமானது காற்றுக் கசிவு. ஊசி கழற்றிய சிரிஞ்சின் வாயை விரலால் லேசாக மூடிக்கொண்டு தண்டை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். காற்று கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது. சட்டென்று தள்ளினால் கசிய நேரமில்லாமல் அழுத்தம் ஏறும். நொடிக்கு 4,000 முறை அதிரும் ஒலிக்குச் சிறு இடைவெளி ஒரு பொருட்டே அல்ல. 40 முறை மட்டுமே அதிரும் பேஸ் ஒலி அதே இடைவெளி வழியே கரைந்துவிடும். கண்ணாடியின் காம்பு உங்கள் ஹெட்ஃபோன் குஷனுக்கு அடியில் அத்தகைய இடைவெளியைத்தான் உண்டாக்குகிறது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்தியபடி அதே பாடலைக் கேளுங்கள். பேஸ் கூடினால், மெல்லிய காம்புள்ள கண்ணாடியோ மிருதுவான, தடித்த குஷனோ உங்கள் குறையைத் தீர்க்கும். ஒருவேளை கிண்ணத்தின் வெளிப்புறம் சல்லடைபோல் திறந்திருந்தால் அது திறந்த வகை ஹெட்ஃபோன். அதில் ஆழ்ந்த பேஸ் குறைவது பெரும்பாலும் அமைப்பின் இயல்பு.

எனினும், எதில் பேஸ் அதிகம் என்பதைவிட எதில் தெளிவு என்று கேட்பதே இசையை விரும்புபவருக்குப் பயன்தரும். மிருதங்கத்தின் தொப்பியில் (தாழ்ந்த ஒலி தரும் பக்கத்தில்) எழும் கும்கி என்ற நாதம் வளைந்து ஏறுவது தனியாகக் காதில் விழுகிறதா, அல்லது வெறும் 'தொம்' என்ற வீக்கமாக நின்றுவிடுகிறதா என்று இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். ஒலியியல் ஆய்வாளர் ஷான் ஆலிவ் தலைமையில் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் நடந்த கேட்போர் விருப்ப ஆய்வுகளின் வழியே, எந்த அதிர்வெண் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று உருவான அளவுகோலில், காதை மூடும் ஹெட்ஃபோனுக்கு உரியதைவிட இயர்போனுக்கு உரிய பேஸ் கூடுதலாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இயர்போனின் பேஸுக்குப் பழகிய காதுக்குப் புதிய ஹெட்ஃபோன் முதலில் மெலிவாகத் தோன்றுவது வியப்பில்லை. ஓரிரு வாரம் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வீட்டில் நன்றாகக் கேட்கும் என் இயர்போனின் பேஸ், பேருந்தில் காணாமல் போகிறது. ஒலியைக் கூட்டிக் கேட்கலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: கூட்ட வேண்டாம். பேருந்து எஞ்சினின் உறுமலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால், அதே எல்லையில் உள்ள பேஸை மூடிவிடுகிறது. முதலில், இயர்போனுடன் வரும் வெவ்வேறு அளவு ரப்பர் முனைகளை இரு காதுக்கும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை. அழுத்தினால் சுருங்கிக் காதுக்குள் விரியும் நுரை முனைகள் இன்னும் நன்றாக அடைக்கும். இரைச்சல் நீக்கும் வசதியுள்ள கருவிகள் தாழ்ந்த ஒலிகளின்மீதுதான் மிகச் சிறப்பாகச் செயல்படுகின்றன என்பதால், அடிக்கடி பயணிப்பவருக்கு அந்தச் செலவு தகும். வயது வந்தோருக்கு வாரத்தில் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே உலக சுகாதார அமைப்பு கூறும் வரம்பு. ஒலி 3 டெசிபல் கூடினாலே, பாதுகாப்பாகக் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும்.