நைட்ரேட் பூஜ்யம், தண்ணீரோ பச்சை

உங்கள் நைட்ரேட் சோதனைக் கிட் பழுதில்லை; நீங்கள் அளக்க வேண்டியது அம்மோனியா. பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கு ஆற்றுக் கழிமுகத்தில் தண்ணீர் பச்சையாகி நாறும்போதும் நைட்ரேட் ஏன் பூஜ்யம் என்று கேட்டிருந்தீர்கள். கழிவுநீர் கலந்து ஆக்சிஜன் குறைந்தால், நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறாமல் அம்மோனியமாகவே (அம்மோனியா தண்ணீரில் பெரும்பாலும் இருக்கும் வடிவம்) நிற்கும். மாறிய கொஞ்சத்தையும் பாசி உறிஞ்சிவிடும்.

கடல் வற்றத்தில் ஒன்று, ஏற்றத்தில் ஒன்று என நீர் மாதிரி எடுங்கள். அங்கேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். வடிக்காவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே பாசி அம்மோனியத்தைத் தின்னத் தொடங்கிவிடும்.

அம்மோனியா அளக்க, சாலிசிலேட் என்ற வேதிப்பொருளால் நிறம் காட்டும் கிட் வாங்குங்கள். நெஸ்லர் என்ற இன்னொரு வகைக் கிட் வேண்டவே வேண்டாம்: கடல்நீரின் மக்னீசியத்தால் குழாய் கலங்கி, அளவை உண்மையைவிட அதிகமாகக் காட்டிவிடும். சந்தேகமிருந்தால் 100 மி.லி. மாதிரியில், லிட்டருக்கு 50 மி.கி. நைட்ரஜனுள்ள அம்மோனியக் கரைசல் 1 மி.லி. விடுங்கள், அளவு லிட்டருக்குச் சுமார் 0.5 மி.கி. நைட்ரஜன் ஏறவேண்டும். ஏறாவிட்டால் உப்பு இடைஞ்சல் செய்கிறது.

ஒன்று கவனம்: கிட் அம்மோனியமாகக் காட்டினால், 0.78-ஆல் பெருக்கி நைட்ரஜன் அளவாக்கிய பிறகே, நைட்ரஜனாகத் தரப்பட்ட மற்ற அளவுகளோடு ஒப்பிடுங்கள்.