ஃப்ரீலான்ஸ் ஓவியருக்கு ஒரு வருடம் எப்படிப் போகும்? சொந்தமாக வரையவும் ஊர் சுற்றவும் நேரம் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் நாம் ஆசைப்படும் மாதத்தில் கிடைக்காது, முகூர்த்தம் இல்லாத மாதத்தில்தான் கிடைக்கும்.

நான் சென்னையில் ஒன்பது வருடமாகப் படம் வரைந்து பிழைக்கிறேன். குழந்தைகள் புத்தகம், பாடப்புத்தகப் படங்கள், கல்யாணப் பத்திரிகைக்கு மாப்பிள்ளை பெண்ணின் கார்ட்டூன், இவைதான் வருமானம். தை, வைகாசி, ஆவணி வந்தால் பத்திரிகை ஆர்டர் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் போன் அடிக்காது. ஆரம்பத்தில் அந்த இரண்டு மாதமும் கவலையிலேயே கழியும். 2025-ல் அப்படி விடக்கூடாது என்று முடிவு செய்தேன். அந்த வருடத்தைப் பற்றியே சொல்கிறேன்.

2024 கடைசியில் ஒரு பதிப்பகம் 24 பக்கக் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் கேட்டது. கதை வேறொருவர் எழுதியது. பங்குனி ஆமை ஒன்று கரையேறி, குழி தோண்டி, முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். (ஆலிவ் ரிட்லி ஆமையைத்தான் நம் கடற்கரையில் பங்குனி ஆமை என்பார்கள்.) நெட்டில் கிடைத்த போட்டோக்களைப் பார்த்துப் பத்து நாளில் எல்லாப் பக்கத்துக்கும் ரஃப் போட்டு அனுப்பினேன். ஓகேயும் ஆகிவிட்டது.

அப்புறம் ஜனவரி வந்தது. சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சு வாங்க நீருக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவை வலையில் மாட்டிக்கொண்டால் உள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். காலையில் நடக்கப் போன அம்மா அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, அன்றைக்குக் காபியைக்கூடத் தொடவில்லை. பன்னிரண்டு படங்களில் வரைந்துவிட்ட ஒரு ஜீவனை உயிரோடு நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சென்னையில் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு என்று ஒன்று இருக்கிறது. 1988 முதல் இயங்குகிறது. முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர் இரவில் மணலில் நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் போகும். அந்தக் காலத்தில் வெளிச்சம் என்றால் கடல்தான், இன்றைக்குத் தெருவிளக்கு. அதனால்தான் முட்டைகளை இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் அவர்களுடன் நடக்கலாம். முதல் இரண்டு தடவை போனபோது செத்த ஆமைகளை மட்டும் பார்த்தேன். மூன்றாவது தடவை, பிப்ரவரியில், மணலில் டிராக்டர் டயர் உருண்ட மாதிரி ஒரு தடம் தெரிந்தது. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.

கூட வந்த கல்லூரித் தம்பி கொஞ்ச நேரம் கழித்துக் கிசுகிசுத்தான்: "அக்கா, இப்ப பின்னாடி பக்கமா வாங்க. முட்டை போட ஆரம்பிச்சிடுச்சுன்னா அது நகராது."

நாங்கள் போனபோது இன்னும் தோண்டிக்கொண்டிருந்தது. என் ரஃபில் ஆமை முன்துடுப்பால் தோண்டும், நாய் மண்ணைப் பறிப்பது போல. நிஜத்தில் குழி தோண்டுவது பின்துடுப்பு. ஒரு துடுப்பு குழிக்குள் இறங்குகிறது, அகப்பை மாதிரி நுனியை மடித்துக் கொஞ்சம் மணலை அள்ளுகிறது, மேலே கொண்டு வந்து சிந்தாமல் ஓரத்தில் வைக்கிறது. உடனே அடுத்த துடுப்பு. குழியை அது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லாம் தொட்டுத் தெரிந்துகொள்வதுதான். நூறுக்கு மேல் முட்டையிட்டு, மண் தள்ளி மூடிய பிறகு ஒரு காரியம் செய்தது பாருங்கள், அதை எந்த போட்டோவிலும் நான் பார்த்ததில்லை. உடம்பை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி, ஓட்டின் அடிப்பக்கத்தால் மண்ணைத் தட்டி இறுக்கியது. தொம் தொம் என்று அந்தச் சத்தம் காலுக்குக் கீழே தெரிந்தது.

வெளிச்சம் அடிக்கக் கூடாது என்பதால் நோட்டில் என்ன விழுகிறது என்று பார்க்காமலேயே பென்சிலை ஓட்டினேன். காலையில் எடுத்துப் பார்த்தால் கோட்டின் மேல் கோடு, ஒரு பக்கத்தில் ஆறு துடுப்பு. ஆனால் அந்தக் கோடுகளில் எடை இருந்தது. நாற்பது கிலோ உடம்பு மணலில் அமுங்குவது தெரிந்தது. பதிப்பகத்துக்கு போன் செய்து, எல்லா ரஃபையும் திரும்பப் போடுகிறேன், கூடுதல் பணம் வேண்டாம், நாள் மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்கள்.

வைகாசி முழுக்கப் பத்திரிகை வேலை, அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வாடிக்கையாளர் ஃபைலை வாங்கிக்கொண்டு நான்கு மாதம் பணம் தராமல் இழுத்தார். அன்றிலிருந்து பாதிப் பணம் கைக்கு வந்த பிறகே பென்சிலைத் தொடுகிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடமும் முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

ஆடியில் புத்தகத்தின் ஒரு பக்கம் மட்டும் முடியாமல் நின்றது. குஞ்சுகள் எல்லாம் கடலுக்குள் போகும் இரட்டைப் பக்கம். மேலிருந்து பார்ப்பது போலப் போட்டேன், பக்கவாட்டில் போட்டேன், எப்படிப் போட்டாலும் கடல் வெறிச்சென்று இருந்தது. ஆர்டரும் இல்லை. சரி என்று எழும்பூரில் இரவு ரயில் ஏறிப் புதுக்கோட்டை போய், அங்கிருந்து சித்தன்னவாசல் போனேன். முதலில் ஏழடிப்பட்டம் என்ற குகைக்கு மலை ஏறினேன். மலையின் மறுபக்கம் ஒரு பாறை விளிம்பை ஒட்டி நடந்தால் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் உள்ள அந்தக் குகை வரும். கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் போனேன், ஆடிக்காற்று ஆளையே தள்ளியது. வழவழப்பான அந்தக் கல்லில், தலையணை போலச் செதுக்கிய இடத்தில் கை வைத்தபோது ஜில்லென்று இருந்தது.

அப்புறம் கீழே குடைவரைக் கோயில். பாண்டியர் காலத்து 9-ஆம் நூற்றாண்டு ஓவியம். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்தார் என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. கூரையில் தாமரைக் குளம். நிறைய இடத்தில் உதிர்ந்துவிட்டது. ஆனால் மிச்சம் இருப்பதே போதும். கரை என்று ஒன்றை வரையவில்லை. இலை, பூ, மொட்டு, இடையில் மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள், எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கூரை முழுக்கப் பரவியிருக்கின்றன. தண்ணீரைத் தனியாகக் காட்டவே வேண்டியிருக்கவில்லை, உள்ளே இருக்கும் உயிர்களே தண்ணீரைக் காட்டிவிடுகின்றன. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் டீ ஆறிப்போக உட்கார்ந்து அந்த இரட்டைப் பக்கத்தைப் போட்டேன். தொடுவானத்தை எடுத்துவிட்டேன். குஞ்சு, பாசி, மீன், சொறிமீன் என்று பக்கம் முழுக்க நிரப்பினேன். மூன்று மாதமாக வராதது ஒரு மணி நேரத்தில் வந்தது.

வண்ணம் கொடுத்தது ஐபேடில். அச்சுக்கு அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள்: திரையில் பளீரென்று இருக்கும் நீலப்பச்சை, அச்சு மையின் நான்கு நிற முறையான சிஎம்ஒய்கே-வுக்கு மாற்றியதும் மங்கிவிடும். திரை வெளிச்சத்தால் காட்டுவதை மை காட்ட முடியாது. நான் முதலிலேயே சிஎம்ஒய்கே-வில் தொடங்காததால் கடல் முழுவதையும் இரண்டாம் முறை வண்ணமிட்டேன்.

மார்கழியில் லினோ அச்சு கற்றுக்கொண்டேன். லினோலியம் தகட்டில் உளியால் செதுக்கி, மை உருட்டி, தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பது. எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும். 'பொங்கல்' என்பதில் அந்த 'பொ' இருக்கிறதே, கொம்பு வலப்பக்கம் போக வேண்டும், கால் இடப்பக்கம் வர வேண்டும். இரண்டு தகடு வீணான பிறகு சரியாக வந்தது. நாற்பது வாழ்த்து அட்டை அடித்தேன். விற்பனைக்கு அல்ல, தெரிந்தவர்களுக்குக் கொடுக்க.

புத்தகம் டிசம்பரில் வந்தது. முதல் பிரதியை அம்மாவுக்குக் கொடுத்தேன். இரண்டாவதை அந்தக் கல்லூரித் தம்பிக்கு எடுத்துப் போனேன். குழி தோண்டும் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டான். "ஒரு துடுப்பு அள்ளி வச்சதும் இன்னொண்ணு பக்கத்துல இருக்கிற மண்ணைத் தட்டி விடும்ல, அதையும் போட்டிருக்கீங்கக்கா" என்றான். இந்த வருட நடைக்கும் அவனிடமே பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.