யூத ஆலயச் சபைகள் தம் உறுப்பினர்களுக்கான உதவிகளை எப்படி ஒழுங்குபடுத்துகின்றன?

நான் யூதன் அல்லன். ஆனால் நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் தம் ஆலயச் சபையில் உணவு உதவிக்குப் பொறுப்பாக இருப்பவர் என்பதால், அந்த ஏற்பாடுகளை ஒன்பது ஆண்டுகளாகக் கிட்டத்திலிருந்து பார்த்து வருகிறேன். சில நாள்களில் அவருடைய காரில் பாத்திரங்களை ஏற்றி இறக்கியும் இருக்கிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ஏழைக்குப் பொருள் கொடுப்பதை அவர்கள் ட்செடாக்கா என்கிறார்கள். உடனிருந்து செய்யும் உதவிக்குக் கெமிலூத் ஹசாதிம் என்று பெயர். பின்னதே உயர்ந்தது என்பதற்கு யூதச் சட்ட விளக்க நூலான தால்மூத் மூன்று காரணங்களைச் சொல்கிறது: முன்னது பணத்தால் மட்டும் ஆவது, பின்னது உடம்பாலும் ஆவது, முன்னது ஏழைக்கு மட்டும், பின்னது செல்வருக்கும் உண்டு, முன்னது உயிரோடு இருப்பவருக்கு மட்டும், பின்னது இறந்தவருக்கும் உண்டு. மனம் இளகும்போது செய்துகொள்ளலாம் என்று விடாமல் இதைக் கடமையாகவே கொண்டதால்தான், இதற்கென ஒரு முறைப்பட்டியலும் பொறுப்பாளரும் ஏற்பட்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து.

ஒரு துக்க வீட்டைச் சொன்னால் விளங்கும். இரண்டு தெரு தள்ளி ஒரு முதியவரின் மனைவி தவறியபோது, அடக்கம் முடிந்து வீடு திரும்பிய அவருக்கு முதல் உணவு பிறர் கொண்டுவந்ததாகவே இருக்க வேண்டும் என்ற மரபுப்படி, அவித்த முட்டையும் ரொட்டியும் மேசையில் தயாராக இருந்தன. அதற்குப் பின் ஷிவா எனப்படும் ஏழு நாள் துக்கம். வருபவர்கள் மணி அடித்து யாரையும் எழுப்ப வேண்டாம் என்று வாசற்கதவு பூட்டப்படாமல் இருந்தது. துக்கம் காப்பவர் தாழ்வான இருக்கையில் அமர்ந்திருக்க, அவர் பேசும்வரை வந்தவர்கள் பேசாமல் இருந்தார்கள். இறந்தவருக்காக அவர் கதீஷ் என்னும் வேண்டுதலைச் சொல்வதற்குக் குறைந்தது பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாலையும் யார் யார் வருவார்கள் என்று ஆள் சேர்ப்பதும் உதவிக் குழுவின் வேலையாகிறது. அந்தப் பத்தில் நான் கணக்கில் வர முடியாது என்பதால் ஆலயத்திலிருந்து மடக்கு நாற்காலிகளைத் தூக்கி வந்தேன்.

நாற்காலியோடு நிற்காமல், எங்கள் வீட்டில் கிளறிய எலுமிச்சைச் சாதத்தையும் ஒரு தூக்கில் எடுத்துச் சென்றேன். கோஷர் எனப்படும் யூத உணவு விதியில் உணவில் என்ன சேர்ந்தது என்பதோடு, எந்தப் பாத்திரத்தில் சமைத்தது என்பதும் முக்கியம் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மையார் தூக்கைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, "அடுத்த முறை நறுக்காத பழமாக வாங்கி வாருங்கள், அது எந்த வீட்டிலும் செல்லும்" என்று தணிந்த குரலில் சொன்னார். அன்று முதல் நான் ஆப்பிள் கூடையோடுதான் போகிறேன்.

நோயுற்றவர் வீட்டுக்கும் இதே பட்டியல்தான். ஒரே பொறுப்பாளர், ஒரே பட்டியல். எந்த நாளுக்கு யார், இறைச்சி உணவா பால் உணவா, வீட்டில் யாருக்கு எது ஒவ்வாது என்பவை அதில் இருக்கும். வெள்ளி மாலை சூரியன் மறைந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதன் பிறகு அந்தச் சபையில் யாரும் கார் ஓட்டவோ அடுப்பு மூட்டவோ மாட்டார்கள் என்பதால், சனிக்கிழமைக்கான உணவும் வெள்ளி மதியமே வாசலில் உள்ள குளிர்பெட்டிக்கு வந்துவிட வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போவதற்கும் தால்மூத்தில் நேரம் உண்டு: பகலின் முதல் மூன்று மணி நேரத்திலும் கடைசி மூன்று மணி நேரத்திலும் போகக் கூடாது. காலையில் நோயாளி தெளிவாகத் தெரிவதால் பார்ப்பவர் வேண்டுதலை விட்டுவிடுவார், மாலையில் சோர்ந்து தெரிவதால் நம்பிக்கையை விட்டுவிடுவார் என்பது காரணம்.

கெமாக் என்பது இதன் கடன் பிரிவு. கெமிலூத் ஹசாதிம் என்பதன் சுருக்கமே அப்பெயர். வட்டியில்லாப் பணம் மட்டுமன்றி, திருமண உடை, தொட்டில், ஊன்றுகோல் என்று எதையும் இரவல் கொடுக்கும் கெமாக்குகள் உண்டு. நியூயார்க்கில் 1892இல் தொடங்கிய ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி இன்றும் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. 1976இல் ஜெருசலேமில் மருத்துவக் கருவிகளை இரவல் கொடுக்கத் தொடங்கிய யாத் சாரா இன்று இஸ்ரேல் முழுவதும் கிளைகள் கொண்டது. கடன் கொடுத்தோ, வேலை கொடுத்தோ, கூட்டாளியாகச் சேர்த்தோ ஒருவரைக் கையேந்தும் நிலைக்குப் போகாமல் காப்பதே ஈகையின் எட்டுப் படிகளில் உச்சம் என்று 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் வகுத்தார்.

குறை இல்லாமல் இல்லை. முதல் இரண்டு வாரம் குளிர்பெட்டி நிரம்பி வழியும், மூன்றாம் மாதம் காலியாகக் கிடக்கும். நீண்ட நோய்க்கு எந்தப் பட்டியலும் எளிதில் தாக்குப்பிடிப்பதில்லை. அதனால் அந்த அம்மையார், முன்வருபவர்களில் பாதிப் பேரைத் தொடக்கத்திலேயே பின்னால் வரும் மாதங்களுக்கு ஒதுக்கி வைத்துவிடுகிறார். "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று கேட்பதையும் அவர் விட்டுவிட்டார். "செவ்வாய்க்கிழமை சூப் கொண்டுவரட்டுமா, புதன்கிழமையா?" என்றுதான் கேட்கிறார். நீங்கள் உங்கள் ஊரில் ஒரு குழு தொடங்குவதானால் இந்த இரண்டையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறந்தவரைக் கழுவி, பையில்லாத வெள்ளைத் துணி உடுத்தி அனுப்பும் ஹெவ்ரா கதிஷா என்னும் குழு மட்டும் இந்தப் பட்டியல்களில் வராது. திருப்பிச் செய்ய முடியாதவருக்குச் செய்வதால் அதை உண்மையான அன்புச் செயல் என்கிறார்கள். வேலை முடிந்ததும், தம்மை அறியாமல் ஏதேனும் அவமதிப்பு நேர்ந்திருந்தால் பொறுத்தருளும்படி இறந்தவரிடமே மன்னிப்புக் கேட்பார்கள். யாருக்குச் செய்தோம் என்று வெளியே பேசிக்கொள்வதும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மையார் அந்தக் குழுவில் இருக்கிறாரா என்று நான் கேட்டதில்லை.