பண்டாவின் பதிவேடு: யாத்திரை போகிறவர்கள் கேட்டவை

காசி, கயா, ஹரித்வார் யாத்திரைக் குழுக்களோடு பல வருடங்களாகப் போய் வருகிறேன். பரம்பரைப் புரோகிதர்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வீட்டு வாத்தியாரும் ஹரித்வார் பண்டாவும் ஒன்றுதானா?

இல்லை. வாத்தியார் நம் வீடு தேடி வருபவர்: கல்யாணம், திவசம், கிருகப்பிரவேசம். பண்டா தீர்த்தப் புரோகிதர், நாம்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். நம் பூர்வீக ஊரையும் சாதியையும் வைத்து நாம் யாருடைய ‘ஜஜ்மான்’ என்பது தலைமுறைகளுக்கு முன்பே முடிவாகியிருக்கும். ஜஜ்மான் என்பது ‘யஜமானன்’ என்ற சொல்தான், சடங்கு செய்விப்பவர் என்று பொருள். பெயர்தான் யஜமானன், படித்துறையில் அதட்டல் எல்லாம் பண்டாவுடையது!

ஹரித்வாரில் நம் பெயரைச் சொன்னால் கொள்ளுத்தாத்தா பெயரைச் சொல்லிவிடுவார்களாமே?

நம் பெயரை வைத்து எதுவும் கிடைக்காது. இப்போது டெல்லியில் இருக்கிறேன் என்றாலும் பயனில்லை. முன்னோர்கள் எந்த ஊர், என்ன சாதி என்றுதான் கேட்பார்கள். அதை வைத்து உரிய பண்டாவிடம் அனுப்புவார்கள். அவர் ‘வஹி’ என்ற நீளமான பதிவேட்டை எடுத்து விரிப்பார். யார், எப்போது, யாருடைய அஸ்தியோடு வந்தார், உடன் வந்தவர் யார், அதற்குள் பிறந்த பிள்ளைகள் யார் என்று வரிசையாக எழுதியிருக்கும். கீழே வந்தவரின் கையெழுத்து. நீங்கள் போனாலும் புது விவரங்களைச் சொல்லி எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டு வர வேண்டும். அப்படித்தான் அந்த ஏடு வளர்கிறது.

பழைய பதிவுகளில் ஆண்கள் பெயரே அதிகம். அது பெரிய குறைதான். ஆனாலும் 1947 பிரிவினையில் ஊரையும் பத்திரங்களையும் விட்டு வந்த பஞ்சாபிக் குடும்பங்களுக்குத் தங்கள் வம்சம் எழுத்தில் மிஞ்சிய இடம் இது. சொத்து வழக்குகளில் வாரிசுச் சான்றாகக்கூட வஹியைக் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கம் ஹரித்வார் ஏடுகளை மைக்ரோஃபிலிமில் படம் எடுத்து வைத்திருக்கிறது.

தமிழர்களுக்கும் அங்கே வஹி இருக்குமா?

அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஹரித்வார் ஏடுகள் பெரும்பாலும் வட இந்தியக் குடும்பங்களுடையவை. நம்மவர்கள் காலங்காலமாகப் போனது காசிக்கு. அங்கே அனுமான் கட்டம், கேதார் கட்டம் பக்கம் தமிழ் பேசும் வாத்தியார்கள் கிடைப்பார்கள்.

வஹியை விற்க முடியுமா?

முடியும், விற்றும் இருக்கிறார்கள். வயலைப் பாகம் பிரிப்பதுபோல அண்ணன் தம்பிகள் வஹியிலுள்ள ஜஜ்மான்களைப் பிரித்துக்கொள்வார்கள்.

கயாவில் மந்திரம் சொல்லிவைத்தவர் ஒருவர், கடைசியில் வந்து தட்சிணை வாங்கியவர் வேறொருவர். ஏமாந்துவிட்டோமா?

இல்லை, அங்கே அதுதான் முறை. கடைசியில் வந்தவர் கயாவாள், அதாவது கயாவின் பரம்பரைப் பண்டா. விஷ்ணுபாதக் கோயிலில் நடக்கும் சிராத்தத்தின் பரம்பரை உரிமை கயாவாள் குடும்பங்களுடையது. மந்திரம் சொல்ல ஆச்சாரியர் ஒருவரை அமர்த்திவிடுவார்கள். பல்கு நதிக்கரை, விஷ்ணுபாதம், அக்ஷயவடம் என்ற ஆலமரம் என்று பிண்டம் போட்டு முடித்ததும், ‘சுபல்’, அதாவது செய்தது பலித்தது என்று கயாவாள் வாயால் சொல்ல வேண்டும். அவர் பரம்பரையாகப் பெற்றது அந்த ஒரு சொல்லைச் சொல்லும் உரிமை. மந்திரம் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு, அந்தச் சொல்லை அவர்கள் சொன்னால் செல்லாது. இன்னொரு விஷயம், கயாவாள்கள் உடுப்பி மத்வாச்சாரியாரின் சம்பிரதாயத்தவர்கள். பீகாரின் நடுவில் உடுப்பித் தொடர்பு!

நாங்கள் கொங்கு வேளாளர். எங்கள் குலகுருவும் இப்படித்தானா?

குரு வேறு, புரோகிதர் வேறு. உங்கள் கூட்டங்களுக்கு, அதாவது குலப்பிரிவுகளுக்கு, குலகுரு பெரும்பாலும் சிவாச்சாரியார் குடும்பம். தீட்சையும் உபதேசமும் அவர்கள் வேலை, சீடர்கள் காணிக்கை கொடுப்பார்கள். உங்கள் கல்யாணச் சீர்களை நடத்துபவரோ அருமைக்காரர், உங்கள் சாதியைச் சேர்ந்தவரே. மங்கல வாழ்த்துப் பாடுபவர் நாவிதர். ஐயர் இல்லாமலே முழுக் கல்யாணமும் நடந்த வழக்கம் அது.

தட்சிணை எவ்வளவு கொடுக்கலாம்?

உட்காரும் முன்பே பேசிவிடுங்கள். முதல்முறை போனபோது நான் பேசவில்லை. கையில் பிண்டத்தை வைத்துக்கொண்டு, ‘அப்பாவுக்குத்தானே செய்கிறீர்கள்?’ என்று புரோகிதர் கேட்டபோது எனக்குப் பேரம் பேச நாக்கு எழவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.