பால் க்ளேயைத் துணியில் தைக்கலாமா?

கேள்வி: ஓவியர் பால் க்ளே என்றால் எனக்கு உயிர். அவருடைய ‘பெருவழியும் கிளைவழிகளும்’ ஓவியத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, ட்ரேஸ் செய்து, சுவரில் மாட்ட ஒரு குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு) தைக்க ஆசை. வீட்டில் பழைய காட்டன் புடவைகள் நிறைய. இதுவரை மெத்தை உறைகள்தான் தைத்திருக்கிறேன். எங்கே தொடங்குவது? யாராவது தடுப்பார்களா?
— வாசகி, திருச்சி

பதில்: தடுக்க மாட்டார்கள். க்ளே 1940இல் இறந்தார். நம் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிந்துவிடும். தாராளமாகத் தையுங்கள், ஆனால் ட்ரேஸ் மட்டும் வேண்டாம்.

அந்த ஓவியத்தில் பல பட்டைகள் மிக மெல்லியவை. துணியை இணைக்கும்போது ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். அரை அங்குலப் பட்டைகளை அடுத்தடுத்துத் தைத்தால் பின்பக்கம் மடிப்பின் மேல் மடிப்பு ஏறி, அட்டை மாதிரி விறைத்து நிற்கும்.

படத்தை விடுங்கள், அதன் கணக்கைப் பிடியுங்கள். 1928 இறுதியில் எகிப்துக்குக் கிளம்பிப் போய்வந்த க்ளே, அங்கே பார்த்த நிலத்தின் நினைவோடு 1929இல் வரைந்தது இது. நடுவில் படிப்படியாக ஏறும் அகலமான வழி, மேலே போகப் போகக் குறுகி நீலப் பட்டைகளைத் தொடுகிறது. இருபுறமும் சற்றே கோணலான சின்ன வழிகள். ஒரு பட்டை இரண்டாகப் பிரிகிறது, அது மறுபடி பிரிகிறது. இந்த விதியை வைத்துக்கொண்டு உங்கள் காவிரிக் கரை வயல்களையே தைக்கலாமே? க்ளே கோபித்துக்கொள்ள மாட்டார்.

24க்கு 30 அங்குலம் போதும். கிராஃப் தாளில் வரையுங்கள்: நான்கு அங்குலப் பட்டை, அது பிரிந்து இரண்டு, அப்புறம் ஒன்று. அதோடு கத்தரிக்கோலை வைத்துவிடுங்கள். அதைவிட மெல்லிய பிரிவுகளை, மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்கும் சேர்ந்த பிறகு கையால் ஓட்டுத் தையலில் கோடாகப் போடுங்கள். க்ளே கோட்டின் ஆள், அவருக்குப் பொருந்தும்.

முதல் குவில்ட்கள் பெரும்பாலும் கெடுவது நிறத்தில்தான். பச்சையும் சிவப்பும் தனித்தனியாகத் தெரிந்தாலும், இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால் தூரத்திலிருந்து பார்க்கும்போது பட்டைகள் கலந்துவிடும். வெட்டிய துண்டுகளைத் தரையில் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். எங்கே சாம்பலாகக் குழம்புகிறதோ அங்கே துண்டை மாற்றுங்கள். பெரிய பூ போட்ட புடவைகளையும் ஜரிகையையும் இந்தமுறை ஒதுக்கிவிடலாம், பட்டையின் ஓரத்தை அவை கலைத்துவிடும்.

புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை நைந்த இடம் வேண்டாம். அடர்சிவப்பு, நீலத் துண்டுகளை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அதையும் விட்டுவிடுங்கள்.

மேல்துணி, மெல்லிய பஞ்சுப் படலம், அடித்துணி மூன்றையும் சேர்த்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள், சுருக்கம் விழாது. பின்னால் மேல் ஓரத்தில் நான்கு அங்குல அகலத்தில் துணிக் குழாய் ஒன்று வைத்தால் கம்பி நுழைத்து மாட்டலாம். அதன் கீழே உங்கள் பெயர், ஆண்டு, ‘பால் க்ளே ஓவியத்தின் தாக்கத்தில்’ என்று எழுதிய சின்னத் துண்டைத் தைத்துவிடுங்கள். வெயில் விழாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள், காட்டன் சாயம் வெளுத்துவிடும்.